அமேசான் எஸ்இஎஸ்: சரிபார்க்கப்பட்ட அனுப்புநர் பட்டியலை எடுப்பது எப்படி?

அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ் வழியாக மெயில் அனுப்ப, ‘ஃப்ரம்’ இடத்தில் வரும் முகவரியோ அதன் டொமைனோ முன்பே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் அங்கே ஐடென்டிட்டி என்றுதான் பெயர். புதிதாக ஒரு ப்ராஜெக்ட் கைக்கு வந்ததும், கோடில் கை வைக்கும் முன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பட்டியலில் பெயர் இருந்தாலே மெயில் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சரிபார்ப்பு முடியாதவையும் தோற்றவையும் அதே பட்டியலில்தான் இருக்கும்.

படி 1: ரீஜனைச் சரியாக வையுங்கள்

ரீஜன் என்பது அமேசானின் சர்வர்கள் இருக்கும் நிலப்பகுதி. ஐடென்டிட்டிகள் ரீஜன் வாரியாகத் தனித்தனி. அயர்லாந்தில் சரிபார்த்த முகவரி வடக்கு வர்ஜீனியாவில் செல்லாது. பட்டியல் காலியாக வந்தால் யாரோ அழித்துவிட்டார்கள் என்று பதறாமல், கன்சோலின் (அமேசான் சேவைகளை நிர்வகிக்கும் இணையப் பக்கம்) மேல் வலப்பக்கத்தில் எந்த ரீஜன் தெரிகிறது என்று பாருங்கள். ஆப் எந்த ரீஜனிலிருந்து அனுப்புகிறதோ, அதே ரீஜன் அங்கே இருக்க வேண்டும்.

படி 2: கன்சோலில் பார்ப்பது

எஸ்இஎஸ் பக்கத்தின் இடப்பக்க மெனுவில் ‘கான்ஃபிகரேஷன்’ பகுதியில் ‘ஐடென்டிட்டீஸ்’ இருக்கும். திறந்தால் பெயர், வகை, நிலை மூன்றும் வரிசையாகத் தெரியும். நிலை ‘வெரிஃபைட்’ என்றிருப்பவை மட்டுமே அனுப்பத் தகுதியானவை. பத்து இருபது ஐடென்டிட்டிகளுக்கு இதுவே போதும்.

படி 3: கட்டளை வழியாக எடுப்பது

ஒரு ரீஜனில் 10,000 ஐடென்டிட்டிகள் வரை வைக்கலாம். எண்ணிக்கை கூடினால், கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் சிஎல்ஐதான் வசதி. எஸ்இஎஸ் இரண்டாம் பதிப்பின் ‘லிஸ்ட் இமெயில் ஐடென்டிட்டீஸ்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். எல்லாம் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே சிறுகோடு போட்டு எழுத வேண்டும். ரீஜனையும் கட்டளையிலேயே கொடுத்துவிடுங்கள். இயல்பாக அமைத்த ரீஜனை நம்பி இருந்தால் படி 1இல் சொன்ன சிக்கல் திரும்ப வரும்.

பதிலில் ஒவ்வொரு ஐடென்டிட்டிக்கும் பெயர், வகை, ‘செண்டிங் எனேபிள்ட்’, ‘வெரிஃபிகேஷன் ஸ்டேட்டஸ்’ ஆகியவை வரும். கடைசியில் சொன்னது வராவிட்டால் சிஎல்ஐ பழையதாக இருக்கலாம், புதுப்பித்துப் பாருங்கள். ‘சக்ஸஸ்’ என்பவற்றை மட்டும் வடிகட்டி எடுத்தால், நீங்கள் தேடிய பட்டியல் அதுதான்.

ஒரு அழைப்பில் அதிகபட்சம் 1,000 வரை கேட்கலாம். பதிலின் முடிவில் ‘நெக்ஸ்ட் டோக்கன்’ இருந்தால் இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். அந்த டோக்கனைக் கொடுத்து மறுபடி அழையுங்கள். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவோர் இதை விட்டுவிட்டு, முதல் பக்கத்தையே முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்வதுண்டு.

‘அக்சஸ் டினைட்’ வந்தால், யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் ஐஏஎம்மில் உங்கள் பயனருக்கு இந்தப் பட்டியலைப் படிக்கும் அனுமதி இல்லை. மெயில் அனுப்பும் அனுமதி வேறு, இது வேறு. முழு அட்மின் அனுமதி கேட்காமல் இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

படி 4: ‘பெண்டிங்’, ‘ஃபெயில்ட்’ ஏன்?

தனி முகவரி ‘பெண்டிங்’கில் நின்றால், சரிபார்ப்பு மெயிலில் வந்த லிங்க்கை யாரும் கிளிக் செய்யவில்லை. அந்த லிங்க் 24 மணி நேரத்தில் காலாவதியாகும். பிறகு மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். ஸ்பேம் ஃபோல்டரையும் பாருங்கள்.

டொமைன் என்றால், அதன் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கம் போங்கள். ஈஸி டிகேஐஎம் (மெயில்களுக்கு டிஜிட்டல் கையெழுத்திடும்) முறையில் மூன்று சிநேம் ரெக்கார்டுகள் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் பதிவுகள்) சேர்க்க வேண்டும். மூன்றும் இருந்தும் நிலை மாறாவிட்டால் ரெக்கார்டின் பெயரைக் கவனியுங்கள். சில டிஎன்எஸ் நிறுவனங்கள் டொமைன் பெயரைத் தாமாகவே கடைசியில் ஒட்டிவிடும். நீங்களும் முழுப் பெயரைப் போட்டிருந்தால் டொமைன் இரண்டு முறை வந்து நிற்கும். உங்கள் டிஎன்எஸ் நிறுவனம் கிளவுட்ஃப்ளேர் என்றால் அந்த ரெக்கார்டுகளுக்கு ப்ராக்ஸியை (போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பும் வசதி) அணைத்து வையுங்கள். திருத்தியதை எஸ்இஎஸ் கண்டுகொள்ள 72 மணி நேரம் வரை ஆகலாம்.

பட்டியல் சரி, மெயில் மட்டும் போகவில்லை

‘இமெயில் அட்ரஸ் இஸ் நாட் வெரிஃபைட்’ என்ற பிழை வந்தால், அதில் எந்த முகவரி, எந்த ரீஜன் என்று எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள். அங்கே இருப்பது பெறுநரின் முகவரி என்றால் கணக்கு இன்னும் சாண்ட்பாக்ஸில், அதாவது புதிய கணக்குகளுக்கான கட்டுப்பாட்டு நிலையில், இருக்கிறது. சாண்ட்பாக்ஸில் பெறுபவரும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். இயல்பான வரம்பு 24 மணி நேரத்துக்கு 200 மெயில்கள், நொடிக்கு ஒன்று.

அனுப்புநர் முகவரி என்றால் எழுத்துகளை ஒப்பிடுங்கள். ‘அட்’ குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகவே கொள்ளப்படும். டொமைனையே சரிபார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதன் கீழுள்ள எல்லா முகவரிகளுக்கும் துணை டொமைன்களுக்கும் அதுவே போதும். டொமைனோடு தனி முகவரியையும் சேர்த்திருந்தால், அந்த முகவரியிலிருந்து போகும் மெயில்களுக்கு டொமைனின் அமைப்புகள் பொருந்தாமல் முகவரியின் அமைப்புகளே பொருந்தும். காரணம் இல்லாமல் அப்படிச் சேர்த்தவை பட்டியலில் தென்பட்டால், எந்த ஆப்பும் அவற்றின் அமைப்புகளைச் சார்ந்து இல்லை என்று உறுதி செய்துகொண்டு நீக்கிவிடுங்கள்.