கச்சான் காலத்தில் தொங்குசாடிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி மழை ஓய்ந்த மாசி, பங்குனியில் வாசலில் நிறையப் பூத்துத் தொங்கிய சாடி, வைகாசி கழிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் சில வாரங்களிலேயே காய்ந்த கொடிக் கற்றையாகிவிடுவதை மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். பலரும் வெயிலையே குறை கூறுகிறார்கள். ஆனால் அதே வெயிலில், அதே முற்றத்தின் மணலில் நிற்கும் பட்டிப்பூ (நித்தியகல்யாணி) வாடாமல் பூத்துக்கொண்டிருக்கிறது. நிலத்தில் நிற்கும் கன்று ஈரத்தைத் தேடி வேரை ஆழவிடும். தொங்கும் கன்றுக்கோ சில லீற்றர் மண்ணே உலகம், அதையும் காற்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் உலர்த்துகிறது.

ஆகவே முதல் தவறு, அழகு கருதிக் காற்று ஊடறுத்துச் செல்லும் இடத்தில் சாடியைத் தொங்கவிடுவதாகும். கச்சான் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று என்பதால், வீட்டின் கிழக்குச் சுவரோரமே சாடிக்கு நல்ல இடம்: காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், பிற்பகல் வெயிலையும் காற்றையும் வீடே மறைத்துக்கொள்ளும்.

அடுத்தது நீர். நாள்தோறும் ஒரு கோப்பை என்று அளந்து ஊற்றுவது பலருடைய வழக்கம். அது மேல்மண்ணை மட்டும் நனைத்து, அடிவேரைத் தாகத்தில் விட்டுவிடும். அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்ற வேண்டும். கச்சான் நாட்களில் காலையிலும் மாலையிலுமாக இரு முறை தேவைப்படலாம். சாடியின் அடியில் உள்ளங்கையை வைத்துச் சற்றே தூக்கிப் பாருங்கள். ஈரச் சாடியின் பாரம் ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் வேறு சோதனை வேண்டியதில்லை. சாடி மண்ணில் கலக்கும் தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) ஒரு முறை முற்றாகக் காய்ந்துபோனால் எளிதில் நீரை ஏற்காது. ஊற்றிய நீர் சாடியின் ஓரத்தால் வழிந்து உடனே கீழே வரும், பார்ப்பவரோ நன்றாக நனைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார். அப்படியான சாடியைக் கழற்றி, வாளி நீரில் அரை மணிநேரம் அமிழ்த்தி வைப்பதே வழி.

உப்பையும் மறந்துவிடக் கூடாது. உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தும்பில் உப்பு தங்கியிருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் அதைச் சாடியில் இடக் கூடாது. வாவிக்கும் கடலுக்கும் அருகிலுள்ள கிணறுகள் கோடை முற்றும்போது உவர்ப்பதுண்டு. சாடி விளிம்பில் வெண்படலம் படிந்து, இலை நுனிகள் கருகினால், நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி உப்பை வடித்துவிட வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய தவறு ஒன்றுண்டு: வயலுக்கு இட்டு மிஞ்சிய யூரியாவில் ஒரு பிடியைச் சாடியிலும் போட்டுவிடுவது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். அது நெற்பயிரைப் பச்சையாக்குவதுபோல் பூங்கன்றையும் இலையாக வளர்க்குமேயன்றிப் பூக்க வைக்காது. சிறிய சாடியில் ஒரு பிடி வேரையே எரித்துவிடும். அடிக்கடி நீரூற்றுவதால் சாடியின் சத்துகள் கழுவப்பட்டுப் போவது உண்மைதான். அதற்குப் பொட்டாசியம் கூடிய நீரில் கரையும் பசளையை, பொதியில் குறித்த அளவில் பாதியாகக் கரைத்து, இரு வாரத்துக்கு ஒரு முறை, ஈரமான மண்ணுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

கத்தரிக்கத் தயங்குவதும் பூவைக் குறைக்கும். நீண்டு வெறுமையான தண்டுகளை மூன்றிலொரு பங்கு வெட்டிவிட்டால், சில வாரங்கள் சாடி மொட்டையாகத் தெரியும், பிறகு பக்கக் கிளைகள் நிறைய வரும். எல்லாச் சாடிகளையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள்.

கன்றுத் தெரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நுவரெலியாவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பெட்டூனியாவை நானும் ஒருமுறை தொங்கவிட்டேன். 1,800 மீற்றருக்கு மேலான குளிரில் செழித்தது எங்கள் ஆனி மாதத்தைத் தாண்டவில்லை. நல்ல வெயிலுக்குப் பத்துமணிப்பூவும் பட்டிப்பூவுமே நம்பத்தக்கவை. அவற்றில் பத்துமணிப்பூ நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே அதன் தண்டுகளில் சிலவற்றை விரலளவாகக் கிள்ளி, மழை படாத தாழ்வாரத்தில் புதிதாக ஊன்றிவையுங்கள்.