வேத வாசிப்பை மறுபடி பிடித்தது இப்படித்தான்

ஞாயிறு ஆராதனை, பாடகர் குழு, அதோடு சரி என்று ஓடியதில் தனி ஜெபமும் வேத வாசிப்பும் மெல்ல நின்றுபோயின. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 2-ஆம் அதிகாரத்தில் எபேசு ஊர்ச் சபைக்கு இயேசு சொன்னது என்னை உலுக்கியது: உழைப்பும் பொறுமையும் இருந்தும் ஆதி அன்பு, அதாவது தொடக்கத்தில் இருந்த அன்பு, இல்லை, மருந்தும் அங்கேயே இருக்கிறது, ஆதியில் செய்ததை மறுபடி செய். அதனால் உணர்வு வரட்டும் என்று காத்திருக்காமல் செயலில் தொடங்கினேன். முழு வேதாகமத் திட்டமெல்லாம் அப்புறம். முதலில் 119-ஆம் சங்கீதம், 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி, காலையில் ஒரு பகுதி வாய்விட்டு. கைபேசி அடுப்படியில், கையில் அச்சு வேதாகமம், இது ரொம்ப முக்கியம். இரவில் குடும்ப ஜெபம்: ஒரு பாமாலைப் பாட்டு, சில வசனம், பிள்ளைகள் ஆளுக்கொரு வரி ஜெபம், தூக்கம் சொக்கினாலும் விடுவதில்லை.