தவிட்டையும் புண்ணாக்கையும் புளிக்க வைத்து மீனுக்குப் போடுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டவர்கள் பலரும் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் அப்படியே கலந்து வீசிவிடுகிறார்கள். இந்த மாதிரி கெண்டை இன மீனுக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குத்தான் போகும். தவிட்டிலுள்ள பாஸ்பரசில் பெரும்பகுதி பைட்டேட் என்கிற சேர்மமாகக் கட்டுண்டு கிடப்பதால் மீனால் அதை எடுக்க முடியாது, கழிவோடு வெளியேறித் தண்ணீரில் பாசியைத்தான் வளர்க்கும். புளிக்க வைத்தால் தீனியை உடைக்கிற வேலையில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் டிரம்மிலேயே முடித்துவிடும், லாக்டிக் அமிலத்தால் கெட்ட பாக்டீரியாவும் அடங்கும்.

தவிடு 5 கிலோ, புண்ணாக்குத் தூள் 5 கிலோ, வெல்லம் 200 கிராம், புளித்த தயிர் அரை லிட்டர், பேக்கரி ஈஸ்ட் 20 கிராம், கிணற்றுத் தண்ணீர் சுமார் 5 லிட்டர். விலை கூடிய புரோபயாடிக் (நல்ல நுண்ணுயிர்) பாட்டில் ஆரம்பத்தில் தேவையே இல்லை. செக்கில் புண்ணாக்கு வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். பூசணம் பிடித்திருந்தால் வேண்டாம், அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்கிற பூசண நஞ்சு புளித்தால் போய்விடும் என்று நம்பக் கூடாது.

வெல்லத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஈஸ்ட்டைத் தூவுங்கள். கால் மணி நேரத்தில் நுரை கட்டும். அப்புறம் தயிரைக் கடைந்து அதில் ஊற்றி, தவிடும் புண்ணாக்கும் கலந்ததில் விட்டு, மிச்சத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். இங்கேதான் பலருக்கும் கெடும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது, தட்டினால் உதிர வேண்டும். புட்டு மாவைவிடக் கொஞ்சம் கூடுதல் ஈரம், அவ்வளவுதான்.

டிரம்மில் காற்று தங்காமல் அமுக்கி, மேலே கால் பங்கு இடம் விட்டு மூடி, நிழலில் வையுங்கள். தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றைப் போகவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு 2 நாள் போதும், மார்கழியில் 3, 4 ஆகும். திறந்தால் கள்ளும் தயிரும் கலந்தாற்போல் புளிப்பு மணம் வர வேண்டும். அழுகல் வாடையோ, பச்சை கறுப்புப் பூசணமோ வந்தால் மேலாக அள்ளிவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மொத்தமும் குப்பைக்குழிக்குத்தான்.

ஒரு நாள் தீனி மீனின் மொத்த எடையில் 2 முதல் 3 சதவீதம். முதல் வாரம் அதில் கால் பங்கு மட்டும் இந்தப் புளித்த தீனி. ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள், 2 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் தின்கிறதா என்று தெரிந்துவிடும். விடியற்காலையில் குட்டையில் ஆக்சிஜன் குறைவு, அதனால் வெயில் ஏறி 9 மணிக்கு மேல்தான் போட வேண்டும். மூடாப்பு போட்ட நாளில் விட்டுவிடுங்கள். திறந்த டிரம்மை 4, 5 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குடிதண்ணீர் எடுக்கிற ஊரணியில் மட்டும் எந்தத் தீனியும் போடாதீர்கள், மீன் குத்தகை உங்கள் பேரில் இருந்தாலும் சரி.