நூலகம் கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை எட்டு மணிக்கு உங்கள் ஊர்க் கிளை நூலக வாசலில் ஒருநாள் நின்று பாருங்கள். கதவு திறக்கும் முன்பே நாலைந்து பேர் காத்திருப்பார்கள். பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர். மற்றவர்கள் முதுகில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருபவர்கள். கதவு திறந்ததும் அவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போய் இடம் பிடிப்பது ஜன்னலோரம், ஃபேனுக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டு மேசைகளில்தான். மாலை நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டம் நடக்கும்.

இதே நூலகத்துக்குப் புதுக் கட்டடம் என்று வரைபடம் வரும்போது அதில் மூன்று கட்டங்கள் இருக்கும்: புத்தக அறை, படிப்பறை, நூலகர் அறை. மேலே சொன்ன யாரும் அந்தத் தாளில் இருக்க மாட்டார்கள். வாசகர் வட்டத்தின் சார்பில் சில நூலகங்களின் கட்டட வேலை நடக்கும்போது கூடவே நின்று பார்த்திருக்கிறேன். தவறுகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கான்கிரீட் போட்ட பிறகு தெரியவரும் தவறை முப்பது வருடம் சுமக்க வேண்டும். நாம் கட்டும் வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. அந்தப் பணத்தில் எழும் சுவர்கள் இவை. கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

நூலகரைக் கேட்காமல் வரைவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். பல இடங்களில் நூலகர் வரைபடத்தைப் பார்ப்பதே தளம் போட்ட பிறகுதான். இந்த விஷயத்தில் நமக்கு நல்ல முன்னோடி இருந்தும் இந்த நிலை. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோதுதான் 1936-இல் மெரினாவில் அந்த நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் திட்டமிட்டபோதும் அவரை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். அந்தக் கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. நூலகத்தை நடத்துகிறவர் வரைபடம் போடும் மேசையில் உட்கார வேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

வரைவதற்கு முன் ஒரு வாரம் பழைய நூலகத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். காலை, மதியம், மாலை எத்தனை பேர் வருகிறார்கள்? அதில் பெண்கள் எத்தனை பேர்? புத்தகம் எடுத்துப் போகிறவர் எத்தனை, உட்கார்ந்து படிக்கிறவர் எத்தனை? சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர் எத்தனை? இந்தக் கடைசி எண் பல ஊர்களில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருக்கும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். கிளை நூலகங்களில் அப்படி எண்ணிப் பார்த்து இடம் ஒதுக்குவது அபூர்வம். பத்தாயிரம் புத்தகத்துக்கு இடம் இருக்கும், இருபது பேர் உட்கார இடம் இருக்காது.

எண்ணும்போது வராதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மா ஏன் இந்த நூலகத்துக்குள் கால் வைத்ததே இல்லை என்று அவரிடமே போய்க் கேட்டால், பத்தில் ஏழெட்டுத் தடவை வரும் பதில் கட்டடத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

மாடியில் புத்தகம்

வாடகை வீட்டு மாடியில் நூலகம் நடப்பது நமக்குப் பழகிய காட்சி. அது ஆபத்தானது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்தால் லேசாகத்தானே இருக்கிறது! ஆனால் ஒரு மீட்டர் நீளத் தட்டில் நெருக்கி அடுக்கினால் இருபத்தைந்து முப்பது கிலோ வந்துவிடும். ஆறு தட்டு, இரண்டு பக்கம் என்று பெருக்கிப் பாருங்கள். குடியிருப்பு வீட்டின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கூடுதல் பாரம் தாங்கும் கணக்கில் கட்டப்படுகிறது. புத்தக அடுக்கறைக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 கேட்பது சுமார் 600 கிலோ. அதுவும் அடுக்கு 2.2 மீட்டர் உயரம் இருக்கும் வரைதான். உயரம் கூடினால் இந்தக் கணக்கும் கூடும்.

ஆகவே பழைய கட்டடத்தை நூலகமாக மாற்றும்போது ரேக்குகள் தரைத்தளத்தில் இருக்கட்டும், மேசை நாற்காலி மாடிக்குப் போகட்டும். அதற்கு வழியே இல்லை என்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சோதித்துவிட்டு, ரேக்குகளைச் சுவரோரமாகவும் உத்தரம் ஓடும் இடத்திலும் வையுங்கள். நடுத் தளத்தில் வேண்டாம்.

வெளிச்சம்

கண்ணாடி முகப்பு இப்போது பெரிய மோகமாகிவிட்டது. 2010-இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் பார்த்துவிட்டு வருபவர்கள், அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கட்டடத்துக்கும் கண்ணாடிச் சுவர் கேட்கிறார்கள். அவை குளிர்சாதன வசதியோடு திட்டமிட்ட பெரிய கட்டடங்கள். ஃபேன் மட்டும் ஓடப்போகிற கிளை நூலகத்தின் மேற்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்தால் மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார முடியாது.

நான் அடிக்கடி போகும் ஒரு நூலகத்தில் மேற்கே இரண்டு பெரிய ஜன்னல்கள் உண்டு. பிற்பகலில் வெயில் மேசை மேல் நகர நகர, படிப்பவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் எல்லாரும் கிழக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு இருப்பார்கள். எதிரே இருந்த ரேக்கில் சிவப்பு அட்டைப் புத்தகங்களின் முதுகெல்லாம் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டன. உருவி எடுத்தால் முன் அட்டை மட்டும் பழைய சிவப்பில் இருக்கிறது.

நம் ஊருக்கு வடக்கு வெளிச்சம்தான் படிக்க ஏற்றது. நாள் முழுக்கச் சீராக வரும், சூடு ஏறாது. தெற்கிலும் மேற்கிலும் ஜன்னல் தவிர்க்க முடியாவிட்டால் ஆழமான சன்ஷேடு வேண்டும், வெளியே ஒரு வேம்போ புங்கமோ நட இடம் விட வேண்டும். ரேக்குகளை ஜன்னல் சுவருக்குக் குறுக்குவாட்டில் நிறுத்துங்கள். இணையாக நிறுத்தினால் முதல் ரேக் வெளிச்சம், காற்று இரண்டையும் மறைத்துவிடும். பின்னால் இருப்பதெல்லாம் இருட்டு.

விளக்கு விஷயத்தில் ஒரு சின்னத் தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கைப் பொருத்திவிடுவார்கள். இறக்கை சுற்றச் சுற்றப் பக்கத்தின் மேல் நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். விளக்கு ஃபேனுக்குக் கீழே இறங்கி, மேசை வரிசைக்கு நேராகத் தொங்க வேண்டும். ரேக்குகளுக்கு நடுவே இருக்கும் விளக்கு நடைபாதையின் நீளத்தில் ஓட வேண்டும். கடைசித் தட்டில் இருக்கும் புத்தகத்தின் பெயரைக் குனியாமல் படிக்க முடிகிறதா என்று மாலையில் பார்த்துவிட்டுத்தான் எலக்ட்ரீஷியனை அனுப்ப வேண்டும்.

தண்ணீரும் ஓதமும்

என் அனுபவத்தில் புத்தகங்களை அதிகம் தின்பது கரையானும் இல்லை, திருட்டும் இல்லை. கரையானைக்கூட அழைத்து வருவது ஈரம்தான்.

தண்ணீர் தொட்டியைப் புத்தக அறைக்கு மேலே வைக்காதீர்கள். மாடிக் கழிப்பறையும் புத்தக அறைக்கு நேர் மேலே வரக் கூடாது. குழாய் இணைப்பு என்றைக்காவது கசியும், அது பெரும்பாலும் நூலகம் பூட்டியிருக்கும் விடுமுறை நாளாக இருக்கும். மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் போகும் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும். சுவரில் ஓதம் ஏறினால் கண்ணில் படும், கரையான் மண் கோடு போட்டால் துடைக்க முடியும். கடைசித் தட்டு தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகும் தாழ்வான இடம் சும்மா கிடைக்கிறதே என்று நூலகத்துக்கு ஒதுக்குவது பொறுப்பில்லாத காரியம். தெருவின் உயரத்தையும், அடுத்த முறை தார் போடும்போது அது இன்னும் ஏறும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் பேஸ்மட்டம் போட வேண்டும்.

பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது நடப்பது வேறு கொடுமை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். இரண்டு மழைக்காலம் போனதும் பெயிண்ட் கொப்புளமாக எழும்பி உதிரும். உடனே மறுபடி பெயிண்ட் அடிப்பார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

பழைய கூடத்தில் எல்லாவற்றையும் திணிப்பதும் தவறு. எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்தில் இடம் போதாமல் போனபோது, தேக்கு அலமாரிகளும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட அந்தக் கூடத்தை வெட்டிக் குதறாமல், 1973-இல் பக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். உங்கள் ஊரில் இருப்பது அவ்வளவு பெரியதாக இல்லாவிட்டாலும் இதே வழி பொருந்தும்.

அப்புறம், ஏ.சி. பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால் புத்தகம் தினமும் குளிர்ந்து, சூடாகி, ஈரம் இழுக்கும். பூசணம் அப்படித்தான் வருகிறது. நாள் முழுக்க ஓட்ட மின்கட்டணம் கட்ட முடியாது என்றால், புத்தக அறைக்கு ஏ.சி. வேண்டாம். இரண்டு பக்கமும் ஜன்னல், கொசுவலை, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்.

வாசலும் கழிப்பறையும்

சாய்தளம் இல்லாமல் இப்போது யாரும் கட்டுவதில்லை. பெயருக்குக் கட்டுகிறார்கள் என்பதுதான் வருத்தம். 1-க்கு 12 என்ற சாய்வு வேண்டும். பேஸ்மட்டம் 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வரும். படிக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் இரண்டு மீட்டரில் செங்குத்தாக ஒன்றை வைத்து, அதன் மேல் வழுக்கும் டைல்ஸும் ஒட்டினால் சக்கர நாற்காலி மேலே ஏறாது, இறங்கும்போது கவிழும். ஆகவே நீளத்தை முதலில் ஒதுக்கிவிட்டு வாசலைத் தீர்மானியுங்கள். உள்ளே கதவும் ரேக் இடைவெளியும் 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பெண்கள் கழிப்பறையை இன்னமும் கூடுதல் வசதியாக நினைக்கிறார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை படிக்க வரும் பெண் பிள்ளைக்கு அது இல்லையென்றால் நூலகமே இல்லை. தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கழிப்பறை இருந்தும் சாவியை ஆண் ஊழியரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தால் அவர்கள் கேட்க மாட்டார்கள். கட்டடத்துக்குப் பின்னால் இருட்டுச் சந்தில் இருந்தால் போக மாட்டார்கள். வாசலிலிருந்து அதற்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்று சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்து பாருங்கள்.

சத்தம், பிளக், கூடம்

குழந்தைகள் பகுதியைக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள், அமைதி வேண்டியவர்களைக் கடைசிக்கு அனுப்புங்கள். நடுவில் ரேக்குகள் நின்றால் அவையே பாதிச் சத்தத்தைத் தடுக்கும். பிள்ளைகளை “ஷ்...” என்று அதட்ட வேண்டிய இடத்தில் உட்கார வைத்துவிட்டு, படிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது என்று வருத்தப்படக் கூடாது. அவர்களுடைய ரேக் நாலடிக்கு மேல் வேண்டாம்.

ஒவ்வொரு மேசைக்கும் பிளக் பாயிண்ட் வேண்டும். தரை போடும் முன்பே குழாய் பதித்துவிட்டால் செலவு கொஞ்சம்தான், பிறகு என்றால் டைல்ஸை உடைக்க வேண்டும்.

கூட்டத்துக்கென்று நிரந்தர மேடையும் பதித்த நாற்காலிகளும் வைத்துத் தனி அரங்கம் கட்டுவது சிறிய நூலகத்துக்குத் தேவையில்லை. வருடத்தில் சில நாள் போக மற்ற நாளெல்லாம் அது பூட்டிக் கிடக்கும். சக்கரம் வைத்த ரேக்குகளும் மடக்கு நாற்காலிகளும் இருந்தால் படிப்பறையே ஞாயிற்றுக்கிழமை கூடமாகிவிடும். வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் நூலகம் என்பது, நூலகங்களுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி. உள்ளே சுவர்கள் குறைவாக இருந்தால்தான் அது வளர முடியும்.

கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவதுபோல நடத்துவதற்கும் ஒதுக்க வேண்டும். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று கனவு கண்டார்கள். நல்ல கனவு. திறந்து மூட ஆள் இல்லாமல் அவற்றில் பல வருடக் கணக்கில் பூட்டிக் கிடந்தன.

வேலை நடக்கும் மாதங்கள்

புதுப்பிக்கும் காலத்தில் புத்தகம் எங்கே போகும் என்று வரைபடத்தில் எழுதியிருக்காது. ஒரு நூலகத்தில் காலி சிமெண்ட் சாக்குகளில் கட்டிக் கொண்டுபோனார்கள். எட்டு மாதம் கழித்து அவிழ்த்தபோது எல்லாப் புத்தகத்திலும் சாம்பல் நிறத் தூள். வரிசை கலைந்திருந்தது. மீண்டும் அடுக்கி முடிக்க மேலும் நாலு மாதம் ஆனது.

சின்ன அட்டைப்பெட்டிகள் வாங்குங்கள், ஓர் ஆள் தூக்கக்கூடிய அளவில். பெட்டியின் மேல்பக்கத்தில் எழுதாதீர்கள். அடுக்கிய பிறகு தெரியாது. பக்கவாட்டில் “ரேக் 7, தட்டு 3” என்று தடித்த பேனாவில் எழுதி, கடைசி ரேக்கிலிருந்து முதல் ரேக் வரை பின்னோக்கி ஏற்றினால், திரும்பி வரும்போது முதல் ரேக்கின் பெட்டி முன்னால் நிற்கும். பக்கத்துப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ இரண்டு மேசை கேட்டு வாங்கிப் பேப்பரையும் போட்டித் தேர்வுப் புத்தகங்களையும் அங்கே வைத்துவிடுங்கள். பழைய நூலக வாசலில் அந்த இடத்தின் விலாசத்தை மழையில் அழியாதபடி எழுதி மாட்டுங்கள். எட்டு மணிக்கு வந்து நிற்கும் பெரியவருக்கு வேலை தொடங்கும் அன்றைக்குக் காலையிலேயே அது கண்ணில் பட வேண்டும்.