கூரை தாழ்த்திய மெர்க்குரி காரின் இணைப்பில் ஈயம் நிரப்பும் முறை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில், கூரைத் தூண்களை வெட்டிக் குறுக்கி, வெட்டிய தடம் தெரியாமல் ஈயத்தால் நிரவி இழைத்த கார்களுக்கு ‘லெட் ஸ்லெட்’ (ஈயச் சறுக்குவண்டி) என்ற பெயர் நிலைத்தது. கார்களை மாற்றியமைக்கும் கலைஞர் சாம் பாரிஸ் கூரை தாழ்த்திய 1949 மாடல் மெர்க்குரி அவ்வகைக்கு முன்னோடி. அத்தகைய காரைப் பழைய முறையிலேயே கட்ட விரும்புபவர், வெல்டிங்குக்கு அடுத்தபடியாகக் கற்க வேண்டியது ஈய வேலையே.

முதலில் வெல்டிங் தடத்தை இழைத்து, சுற்றியுள்ள தகட்டைவிட இரண்டு மில்லிமீட்டர் தாழும்படி சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொள்ளுங்கள். தடத்தின் இருபுறமும் மூன்று விரல் அகலத்துக்குத் துருவும் பெயிண்டும் இன்றித் தகடு பளிச்சிட வேண்டும்.

அடுத்தது ஈயம் பூசுதல். என் கணிப்பில் வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, துணியால் ஒரே இழுப்பில் வெள்ளிபோல் மின்னச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டும்படி தகட்டைச் சுத்தமாக்கும் பொருள்) தடவிய தகட்டை இளஞ்சூடாக்கி, ஈயப் பூச்சு உருகியதும் பருத்தித் துணியால் துடைத்துப் பரப்புங்கள். ஓரிடத்தில் கறுப்புப் புள்ளி நின்றாலும் அங்கே ஈயம் பிடிக்காது, மறுபடி பூசுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் கழுவுங்கள், ஏனெனில் தங்கிவிடும் ஃப்ளக்ஸ் பின்னாளில் பெயிண்டைக் கொப்புளமாகக் கிளப்பும்.

நிரப்புவதற்கு 70 பங்கு காரீயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த கோலே ஏற்றது. இக்கலவை 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கி, ஏறத்தாழ 255 டிகிரியில்தான் முழுதும் உருகுவதால், இடைப்பட்ட வெப்பத்தில் வெண்ணெய்போல் வழித்துப் பூச முடிகிறது. மின்கருவி வேலைக்கான, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கொண்ட கலவையோ 183 டிகிரியிலேயே ஒரேயடியாக நீராகிச் செங்குத்தான தூணில் நில்லாமல் ஒழுகிவிடும்.

டார்ச்சின் சுடரை மென்மையாக வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், தகட்டையும் கோலின் நுனியையும் மாறிமாறிச் சூடாக்குங்கள். நுனி லேசாகத் தலைசாயும் கணத்தில் தகட்டில் அழுத்தினால், ஒரு துண்டு காளான்போல் பரந்து ஒட்டிக்கொள்ளும். போதிய அளவு சேர்ந்ததும், தேன்மெழுகு தடவிய மரத்துடுப்பால் தள்ளிப் பரப்புங்கள். ஈயம் மணல்போல் பொரபொரத்தால் சூடு போதவில்லை. கண்ணாடிபோல் மின்னினால் அடுத்த நொடி வழியப்போகிறது, சுடரை விலக்குங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் அகலமான கூரைத் தகடு நெளியும். அதைச் சீராக்குவது ஈய வேலையைவிடக் கடினம்.

தானாக ஆறிய பின் வளைபல் அரத்தால், தகட்டிலிருந்து ஈயத்தை நோக்கிக் குறுக்குச்சாய்வாக இழையுங்கள். கிரைண்டர் வேண்டாம், அது கிளப்பும் ஈயத்தூள் நுரையீரலுக்குப் போகும். தொடக்கம் முதலே காரீயத்துக்கு ஏற்ற சுவாசக் கவசமும் கையுறையும் அணிந்து, விழுந்த துகளை ஈரத்துணியால் கூட்டி, வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோகாதிருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சிறிதும் தளர்வு கூடாது.

கடைசியாக, மெல்லிய பருத்திக் கையுறையோடு கண்ணை மூடிக்கொண்டு கூரையிலிருந்து தூண்வரை உள்ளங்கையை நீளமாக ஓட்டுங்கள். எங்கே கை தயங்குகிறதோ அங்கே இன்னும் இரண்டு இழுப்பு. தயக்கமின்றி வழுக்கினால் மீண்டும் சோடா நீரால் கழுவி, நன்றாக உலர்த்திப் பிரைமர் அடிக்கலாம்.