பழைய லேப்டாப் வாங்கும் முன்

பையில் ஒரு பென்டிரைவ் இல்லாமல் நான் பழைய லேப்டாப் பார்க்கப் போவதே இல்லை. அதில் லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளம் இருக்கும். நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள். ஒருமுறை அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் இடப்பக்க ஷிப்ட் விசை செத்துக் கிடப்பது தெரிந்தது.

64 பிட் செயலி (பிராசசர்) வேண்டும். நினைவகம் (ரேம்) 4 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம். 8 இருந்தால் பிரவுசர் திணறாது. நினைவகம் மதர்போர்டு பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றி மாற்றக்கூடியதா என்று கட்டாயம் கேளுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் கவலை வேண்டாம், அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) கடவுச்சொல் விற்பவருக்கே தெரியாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.