மைக் வாங்கும் முன் மெத்தையை நகர்த்துங்கள்

வீட்டிலேயே கவர் பாடல் (ஏற்கெனவே வந்த பாட்டை நம் குரலில் பாடுவது) பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எந்த அறையில் பாடப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. அவற்றில் பட்டுத் திரும்பும் குரலும் மைக்குக்குள் போய்விட்டால், அப்புறம் எந்த மென்பொருளாலும் அதை முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டிங்' என்று எதிரொலி வால்போல நீண்டு கேட்டால் அங்கே பாடாதீர்கள்.

நான் படுக்கையறையில் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, அதற்கு முதுகு காட்டி நிற்பேன். மைக் பார்ப்பது என் முகத்தையும் எனக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். அதனால் மெத்தை என் முதுகுக்குப் பின்னால். பக்கவாட்டில் கொடி கட்டிக் கனமான போர்வை. இரும்பு பீரோவிடமிருந்து தள்ளியே நிற்பேன், சில சுரங்களுக்கு அதுவும் கூடச் சேர்ந்து பாடும். ஃபேனை நிறுத்த வேண்டும். வியர்க்கும், வேறு வழியில்லை.

இப்போது மைக். தெருச் சத்தம் வரும் வீட்டுக்கு, தூரத்துச் சத்தத்தை அதிகம் வாங்காத டைனமிக் மைக்கே நல்லது. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் இருக்கிறது, வீட்டுக்கும் போதும். கண்டென்சர் வகை மைக் நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அதே அக்கறையோடு பதிவு செய்யும்; அதற்கு மின்சாரம் (48 வோல்ட் ஃபேன்டம் பவர்) தந்து கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியும் வேண்டும். இதெல்லாம் இல்லையா? போனில் பேண்ட்லேப் என்ற பதிவு ஆப் போட்டுத் தொடங்குங்கள். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம், தாளம் பின்தங்கும். வயர் உள்ளதை மாட்டி, ஒரு காதை லேசாக விலக்கிக்கொண்டால் சொந்தச் சுருதி தெரியும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. மிக நெருங்கினால் அடிக்குரல் ஊதிப் பெருக்கும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் 'ப' வரும் இடங்களில் காற்று அடிக்காது. உச்சஸ்தாயிக்குப் போகும்போது அரை அடி பின்வாங்குங்கள். உரத்த இடத்தில் பதிவு ஆப்பின் ஒலி அளவு மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. மூன்று நான்கு முறை முழுசாகப் பாடி, வரி வரியாக நல்லதைப் பொறுக்கிச் சேர்ப்பது என் வழக்கம்.

பதிவு நன்றாக இருந்தால் குரலையும் இசையையும் பக்குவமாகச் சேர்க்கும் மிக்ஸிங்கில் வேலை குறைவுதான். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். குரல் மந்தமாக இருந்தால் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். உரத்த இடங்களை அடக்கிச் சமன் செய்யும் கம்ப்ரெசருக்கு 3:1 விகிதம் போதும். 'ச', 'ஸ' குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில், அந்தச் சீறலை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸர்.

சுருதி திருத்தும் ப்ளக்-இன் பற்றித்தான் எனக்குப் பெரிய மனக்குறை. அது திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தால் கமகத்தை எல்லாம் படிக்கட்டாக வெட்டிவிடும். நம் பாட்டில் சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போவதில்தான் பாதி அழகு. தவறிய சுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துங்கள், இல்லையென்றால் அந்த வரியைத் திரும்பப் பாடுங்கள். பாடுவதுதான் சீக்கிரம் முடியும்.

கரோக்கி ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசை) ஏற்கெனவே சத்தமாக மாஸ்டர் செய்யப்பட்டிருக்கும். அதோடு போட்டி போட்டுக் குரலை ஏற்றாதீர்கள். ட்ராக்கை 6 டெசிபல் இறக்குங்கள். குரல் ஒட்டாமல் மேலே மிதந்தால், ட்ராக்கில் இருக்கும் அளவுக்கு ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற விளைவு) குரலில் இல்லை என்று அர்த்தம். ரிவெர்பைத் தனி சேனலில் வைத்து, ப்ரீ-டிலே (குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான தாமதம்) 30 மில்லிசெகண்ட் கொடுத்து, 'ரிவெர்ப் இருக்கிறது' என்று காதில் படும் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள்.

கடைசியில் போன் ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். சொற்கள் புரிந்தால் சரி. வீடியோவுக்கு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.